எதற்கும் பயன்படாத எழுத்து: செம்பூர்த் தமிழரும் கதை வாசிப்பும்

‘கல்கி’ வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 அன்று தொடங்கி 1954 மே 16 அன்று நிறைவடைந்தது. பம்பாயின் கிழக்கோரத்தில் செம்பூர் உருமாறத் தொடங்கியதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். அருகிலுள்ள டிராம்பேயில் 1954 இல் அணுசக்தி நிறுவனம் அமைந்தது; 1954, 1955 ஆம் ஆண்டுகளில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. மாட்டுங்காவில் முன்பே வேரூன்றியிருந்த தமிழ்க் குடியிருப்பு கிழக்கே பரவியது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932 இல் மாட்டுங்காவில் தோன்றியது. 1962 இல் செம்பூருக்கும் சொந்தமாக ஒரு ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி வாய்த்தது.

இங்கே தமிழ் எழுத்து எதற்குத் தேவைப்பட்டது? அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி, 1960 இல் மகாராஷ்டிரம் அமைந்தபின் அரசுப் படிவங்களில் மராத்தி. தமிழ் படித்ததனால் செம்பூரில் எவருக்கும் பதவி உயர்வு கிடைத்ததில்லை. சென்னையில் தமிழ் வாசிப்பு பாடநூலோடும் அரசியல் மேடையோடும் பிணைந்திருந்தது. செம்பூரில் எஞ்சியவை கதையும் துணுக்கும் பக்தி நூலும் ஊர்க் கடிதமுமே. இன்பத்துக்காக மட்டுமே நிகழும் வாசிப்பை ஆராய விரும்புவோர்க்கு இப்பகுதி அரியதொரு களம்.

தாராவிக்கு இதை அப்படியே பொருத்த இயலாது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் தொழிலில் உழைத்தோரின் பிள்ளைகள் பலர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பயின்றனர். அவர்களுக்குத் தமிழே முதற்கல்வியின் மொழி. செம்பூரின் ‘பயனற்ற’ தமிழ், பிழைப்புக்கு ஆங்கிலத்தை ஏற்கெனவே கைக்கொண்டிருந்தோரின் சலுகை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இன்ப வாசிப்பு தமிழ்ச் சமூகத்தில் எளிதில் மதிப்புப் பெற்றதன்று. தொடக்க கால நாவல்கள் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் முறையிலிருந்து தனித்த மௌன வாசிப்புக்கு நகர்ந்ததை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ விளக்குகிறது. நாவல் படிக்கும் பெண்களைப் பற்றி அன்று எழுந்த கவலைகளும் கண்டனங்களும் பெரிது. வார இதழ்த் தொடர்கதை இரு முறைகளுக்கும் இடைப்பட்டது. படிப்பது தனியே, காத்திருப்பதும் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று பேசுவதும் கூடியே. திருமணத்தின் பின் மொழி அறியாத நகருக்கு வந்த பெண்களுக்கு அந்த வாரக் கணக்கு எத்தகைய துணையாக இருந்திருக்கும் என்பதை எந்த விற்பனைப் புள்ளிவிவரமும் சொல்லாது.

அதற்கான சான்று வீட்டு அலமாரியில் இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல, இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் காலிகோத் துணி ஒட்டி ‘பைண்டு’ செய்துகொண்டன. மணியத்தின் ஓவியங்கள் அவற்றில் முதல் அச்சின் வடிவிலேயே இருக்கும். தலைமுடித் தைல விளம்பரமும் இருக்கும். பைண்டு செய்பவர் ஓரத்தை வெட்டும்போது சில வரிகளின் கடைசி எழுத்துகளும் போயிருக்கும். பதிப்பகத்தின் பெயரில்லாத இத்தொகுப்புகள் வாசகர்களே உண்டாக்கிய நூல்கள். நூலகப் பட்டியல்கள் இவற்றை எந்தத் தலைப்பில் சேர்க்கும்?

1960 இல் தொடங்கிய ‘மார்மிக்’ என்னும் மராத்தி வார இதழ், பம்பாய் நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966 இல் சிவசேனை தோன்றியது. ஒரு வார இதழ் கதை சொன்னது, மற்றொன்று பெயர்களை எண்ணியது. பெற்றோர் பிள்ளைகளைத் தமிழ் எழுத்திலிருந்து விலக்கியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. ஆயினும் ஆங்கிலவழிப் பள்ளியும் தேர்வும் அதைவிட வலிய காரணங்கள். அடுத்த தலைமுறையில் பலர் தமிழ் பேசினர், வாசிக்கவில்லை. 2021 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அம்பை மும்பையில் வாழ்ந்து தமிழில் எழுதுபவர். அதே நகரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் அவரை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்க இயலும்.

மீட்சிக்கான வழி மெல்லவே திறந்தது. 1998 இல் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. 1999 இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் மலிவுப் பதிப்புகள் பெருகின. 2022 செப்டம்பர் 30 அன்று மணிரத்னத்தின் திரைப்படம் வெளியானதும், பாட்டியின் வாய்வழி வந்தியத்தேவனை அறிந்திருந்த நடுவயதினர் புத்தகத்தைத் தேடினர். வயதுவந்தோர் வாசிப்பை இழப்பது நேரமின்மையால் என்பது வழக்கமான விளக்கம். புலம்பெயர்ந்தோர் வீட்டில் அது பாதிதான் உண்மை. அலுவலக அறிக்கையை ஐந்து நிமிடத்தில் முடிப்பவர், ஐந்து பாகங்களில் முதலாவதன் முதற்பக்கத்தில் ணகர னகரங்களுக்கிடையே ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாகத் தடுமாறுகிறார். வேகமாகப் படித்துக் குறிப்பெடுப்பதையே வாசிப்பெனப் பழகிய ஆய்வு மாணவர் இத்தடுமாற்றத்தை இகழ வேண்டியதில்லை. கதையில் அடுத்து என்ன என்று அறியும் ஆவல் அவரிடமும் வற்றியிருக்கக்கூடும்.

எழுத்து தடுத்த இடத்தில் செவி உதவியது. பெயரிலேயே இந்நகரைச் சுமக்கும் பாம்பே கண்ணன் பல குரல்களைக் கொண்டு இந்நாவலை ஒலிநூலாக்கினார். கேட்பது வாசிப்பாகுமா என்ற வினா எழுவதுண்டு. தமிழ் நாவலின் முதல் வாசகர்களில் பெரும்பகுதியினர் கேட்டவர்களே. ஒலிநூலை ஓடவிட்டு, அச்சுப் பிரதியில் விரலால் வரியைத் தொடரும் ஐம்பது வயதுக்காரர், ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழ்ச் சமூகம் செவியிலிருந்து கண்ணுக்கு நகர்ந்த அதே பாதையில் செல்கிறார்.

அதற்குள் பழைய பைண்டுத் தொகுப்புகள் பல ரத்திக் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றைப் புரட்டினால், ஒரு பக்கத்தில் குந்தவையின் ஓவியம். மறுபக்கத்தில், பிரித்தெடுத்தபோது பாதியில் அறுந்துபோன ஒரு நகைச்சுவைத் துணுக்கு.