மருந்து கடந்து வந்த தூரம்

நேயர்களே, சிங்கப்பூரின் மேற்கே புக்கிட் பாத்தோக் என்றொரு வட்டாரம் உண்டு. ‘புக்கிட்’ என்றால் மலாய் மொழியில் குன்று. ‘பாத்தோக்’ என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்வர். இருமல் என்பது அவற்றுள் ஒன்று. அங்கே வெடி வைத்துக் கருங்கல் பெயர்த்த காலத்தில், அந்த ஓசை குன்றே இருமுவதுபோல் கேட்டதாம். பெயரிலேயே பிணியின் சாயல் கொண்ட இவ்வூரின் அடுக்குமாடி வீடொன்றில், எச்.ஐ.வி.யோடு முதுமை எய்திய ஒரு பெரியவர் வாழ்வதாக எண்ணிக்கொள்வோம். அவர் இந்த வயதை எட்டியதே ஒரு வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இன்று காணப்போகிறோம்.

இந்நோய் கண்டவருக்கும் நல்வாழ்வுக்கும் இடையே மூன்று தூரங்கள் இருந்தன. முதலாவது, மருந்து இல்லாமை. இரண்டாவது, மருந்தின் விலை. மூன்றாவது, அச்சம்.

சிங்கப்பூரில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட ஆண்டு 1985. அப்போது மவுல்மீன் சாலையில் மிடில்டன் மருத்துவமனை இருந்தது. தொற்றுநோய் கண்டோரை ஊரிலிருந்து பிரித்து வைத்துப் பார்ப்பதற்காக 1907இல் தொடங்கிய மருத்துவமனையின் வழிவந்தது அது. அதே 1985இல் டான் டோக் செங் மருத்துவமனையோடு இணைந்து, தொற்றுநோய் நிலையம் என்று பெயர் மாறியது. புதிய நோயினர் அங்கேதான் வந்து சேர்ந்தனர். உடன் வரும் காய்ச்சலையும் நுரையீரல் நோயையும் மருத்துவர்கள் தணித்தார்கள். மூல காரணமான கிருமியை அடக்கத்தான் மருந்தில்லை. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி. என்னும் மருந்து சிறிது காலமே கைகொடுத்தது. கிருமி தன்னை மாற்றிக்கொண்டு அதற்குத் தப்பிவிட்டது.

திருப்பம் 1996இல் வந்தது. அவ்வாண்டு கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அனைத்துலக எய்ட்ஸ் மாநாட்டில், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்குகிறது என்ற செய்தி வெளியாயிற்று. ஒரு பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடனும் மூன்று பூட்டுகளை ஒரே நேரத்தில் திறக்க இயலாதல்லவா? அதுபோலத்தான் இதுவும். அதே 1996இல், புக்கிட் பாத்தோக்கில் முதியோர் பராமரிப்புக்கென செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. எச்.ஐ.வி. கண்டவருக்கும் முதுமை உண்டு என்று அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

மருந்து வந்தது, ஆனால் எட்டாத விலையில் வந்தது. ஒருவருக்கு ஓராண்டுச் செலவு பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கும் மேல். சிங்கப்பூர் நோயாளிகளுள் சிலர் தாய்லாந்துக்குச் சென்று மலிவான மருந்து வாங்கிவந்தனர். விலையை உடைத்தது இந்தியா. அங்கு அக்காலத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை; செய்முறைக்கு மட்டுமே இருந்தது. ஆகவே வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய முடிந்தது. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது, உதவி நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்கு மருந்து தர முன்வந்தார். 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியபோது, சென்னையை அடுத்த தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் அதில் இடம்பெற்றது. சிங்கப்பூரில் 2010இல் அரசின் மருந்து உதவி நிதி வசதி குறைந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் கிடைத்தது. 2020 செப்டம்பரில் இம்மருந்துகளுக்கு மானியம் விரிவுபடுத்தப்பட்டது.

இனி மூன்றாவது தூரம். 1998 டிசம்பரில் பேடி சியூ என்னும் முன்னாள் விமானப் பணியாளர், தமக்கு எச்.ஐ.வி. உண்டு என்று வெளிப்படையாக அறிவித்தார். சிங்கப்பூரரில் அவ்வாறு செய்த முதல்வர் அவரே. மறு ஆண்டு மேடையேறித் தம் கதையைத் தாமே சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். அவருக்குப் பின் பெரும்பாலோர் மௌனமாகவே இருந்தனர். அந்த மௌனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரியில், எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. மறைத்து வாழ்ந்தோர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆனால் முதுமையில் மௌனம் ஆபத்தாகிறது. எச்.ஐ.வி. உள்ளோருக்கு இதயநோயும் எலும்புத் தேய்மானமும் சிறுநீரகக் கோளாறும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நம் பெரியவர் கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டருகே உள்ள பலதுறை மருந்தகத்துக்குச் செல்கிறார். எச்.ஐ.வி.யைப் பற்றி அங்கே வாய் திறப்பதில்லை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை, ரிட்டோனவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்தோடு கூடினால் தசை சிதைந்து சிறுநீரகமும் பழுதாகலாம். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் சில மருந்துகள், டோலுடெக்ராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். ஆகவே நோயை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் மட்டும் மறைக்கலாகாது.

அச்சத்துக்கோ இன்று ஆதாரம் இல்லை. தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் இக்கிருமி பரவாது. தவறாமல் மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாகவும் பரவாது. சிங்கப்பூர் நாடாளுமன்றமும் 2024இல் சட்டத்தைத் திருத்தி, கிருமி அவ்வாறு நிலையாக அடங்கியவர் உறவுக்கு முன் நோயைச் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க முடிவு செய்தது.

புக்கிட் பாத்தோக்கில் ரயில் ஏறினால் வண்டி மாறாமலே நொவீனாவில் இறங்கலாம். பழைய தொற்றுநோய் நிலையத்தின் பணியை ஏற்று, 2019இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட தேசிய தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் அருகேதான் உள்ளது. அந்தத் தூரத்தை ரயில் குறைத்தது. மருந்தின் தூரத்தை அறிவியல் குறைத்தது. விலையின் தூரத்தைத் தொழிலும் அரசும் குறைத்தன. பெரியவரின் கதவுக்கும் பக்கத்து வீட்டுக் கதவுக்கும் இடையே இன்னும் சிறிது தூரம் இருக்கிறது. அதைக் குறைப்பது, நேயர்களே, நம் கையில்தான் உள்ளது.