செஞ்சி வட்டாரத்தில் குழந்தைகளின் கழிப்பறைப் பழக்கம்: ஒரு வரலாறு

கழிப்பறைப் பழக்கம் என்பது சிறுநீரும் மலமும் வரும் உணர்வைக் குழந்தை தானே அறிந்து, அதற்குரிய இடத்தில் கழிக்கக் கற்றுக்கொள்வதாகும். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் இதைக் கற்கின்றனர். விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும் தமிழகத்தின் பிற ஊரகப் பகுதிகளிலும், குழந்தை கழிப்பறைக்குள் போக மறுத்து அழுவது அண்மைக் காலச் சிக்கல். வீட்டுக்குக் கழிப்பறை வந்த பிறகே அதுவும் வந்தது.

கொல்லையும் கக்கூசும்

வட தமிழக ஊர்களில் மலங்கழிக்கச் செல்வதைக் ‘கொல்லைக்குப் போதல்’ என்பர். கொல்லை என்பது வீட்டின் பின்புறத்தையும் புன்செய் நிலத்தையும் குறிக்கும். கழிப்பறையைக் குறிக்கும் ‘கக்கூஸ்’ டச்சு மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் தங்கி வணிகம் செய்ய டச்சுக்காரர் இசைவு பெற்றது செஞ்சி நாயக்கரிடமிருந்துதான். சொல் தமிழில் கலந்து நெடுங்காலம் ஆகியும், அது குறிக்கும் பொருள் ஊரக வீடுகளை எட்டவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழக ஊரகக் குடும்பங்களில் 23.2 விழுக்காட்டினருக்கே வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது.

காலில் உட்கார வைத்தல்

கழிப்பறை இல்லாத வீடுகளிலும் பயிற்சி இருந்தது. தாயோ பாட்டியோ தரையில் கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைத் தன் பாதங்களின் மேல் குந்த வைப்பார். வாயால் ‘ஸ்ஸ்’ என்று ஒலி எழுப்புவார். தூங்கி எழுந்ததும் பால் குடித்ததும் இதற்கான வேளைகள். வயிறு நிறைந்தவுடன் பெருங்குடல் அசைவதால் அவ்வேளையில் குழந்தை மலங்கழிப்பது இயல்பு. நாளடைவில் ஒலியும் இருப்பும் குழந்தையின் நினைவில் பதிந்துவிடும். நடக்கத் தொடங்கிய குழந்தை வாசலிலோ தெருவோரத்திலோ தானே குந்திக்கொள்ளும். ‘ஆய்’, ‘கக்கா’, ‘மூச்சா’ ஆகிய மழலைச் சொற்கள் அறிவிப்பாகப் பயன்பட்டன.

கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ இனத்தாரிடமும் இதை ஒத்த முறை உண்டு. அங்குக் குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே தாயின் குறிப்புக்கு இணங்கப் பழகுவதை 1977இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்தது.

இம்முறையின் குறை, கழித்த பிறகு நடப்பதில் இருந்தது. குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்ற நம்பிக்கையால் அதன்மேல் மண்ணோ சாம்பலோ தூவி அள்ளிக் குப்பைமேட்டில் போட்டனர். 2005-06இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியக் குழந்தைகளில் 79 விழுக்காட்டினரின் மலம் பாதுகாப்பற்ற முறையில் அகற்றப்பட்டது தெரியவந்தது. வயிற்றுப்போக்குக் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் குழந்தைகளின் மலத்திலும் உள்ளன. தவழும் குழந்தைகள் விளையாடுவதோ அதே மண்ணில்.

மேலை நாடுகளில் மாறிய கருத்துகள்

அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத்துறை 1914இல் வெளியிட்ட கையேடு, மூன்றாம் மாதத்திலேயே கண்டிப்பான கால ஒழுங்குடன் பயிற்சியைத் தொடங்கலாம் என்றது. 1946இல் மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் அக்கண்டிப்பைத் தளர்த்தினார். 1962இல் டி. பெர்ரி பிரேசில்டன் 1,170 குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு, குழந்தை ஆயத்தமாகும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். அவர் முறையில் பயிற்சி ஏறத்தாழ 18 மாதத்தில் தொடங்கியது; சராசரியாக 28 மாதம் அளவில் பகற்பொழுதுக் கட்டுப்பாடு கைகூடியது. பாம்பர்ஸ் போன்ற ஒருமுறை அணியும் டயப்பர்கள் 1961 முதல் பரவியதால் காத்திருப்பது பெற்றோருக்கு எளிதாயிற்று. பிற்காலத்தில் தமிழக ஊர்க் கடைகளிலும் டயப்பர் விற்பனைக்கு வந்தது. ஈரத்தை உணராத குழந்தைக்குக் குறிப்பறிதல் தாமதமாகிறது. காலில் உட்கார வைக்கும் வழக்கமும் குறைகிறது.

பால்வாடி

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. தமிழக அரசின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 முதல் ஊரகங்களின் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளையும் மையங்களுக்கு வரவழைத்தது. மக்கள் ‘பால்வாடி’ என அழைக்கும் இம்மையங்களே பல குழந்தைகள் வீட்டுக்கு வெளியே ஒழுங்குடன் பழகிய முதல் இடம். ஆயினும் அங்கன்வாடிகளுக்குக் கழிப்பறை கட்டுவது, 1999இல் தொடங்கிய முழுச் சுகாதார இயக்கத்தில்தான் தனிக்கூறாக இடம்பெற்றது.

மறுப்பின் காரணங்கள்

2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அதில் கட்டப்பட்டவை பெரியவர்களின் அளவுக்கானவை. பீங்கான் கோப்பையின் இரு மிதிகளுக்கும் இடையிலான அகலம் இரண்டு வயதுக் குழந்தையின் கால்களுக்கு எட்டுவதில்லை. விழுந்துவிடுவோம் என்ற அச்சம், இருட்டு, மூடிய கதவு, தண்ணீர் ஊற்றும் ஓசை ஆகியவை திறந்த வாசலில் பழகிய குழந்தையை மிரட்டுகின்றன.

மலச்சிக்கல் மற்றொரு காரணம். ஒருமுறை வலித்தால் குழந்தை மலத்தை அடக்குகிறது. அடக்க அடக்க அது இறுகி மேலும் வலிக்கிறது. இதைப் பிடிவாதமெனக் கருதி அடிப்பதும் அதட்டுவதும் அடக்குதலை வலுப்படுத்தும். முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்து, பிறகே பயிற்சியைத் தொடர வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை.

வீட்டுச் சூழலும் இதில் சேர்கிறது. 2011க்குப் பிறகு கழிப்பறை கட்டிய வீடுகளில் தாயும் பாட்டியும் தம் குழந்தைப் பருவத்தில் அதைப் பயன்படுத்தியிராதவர்களாக இருக்கலாம். அங்கே மூன்று தலைமுறையினர் ஒரே காலத்தில் ஒரு பழக்கத்தைக் கற்க நேர்ந்தது.

திருச்சியின் முன்மாதிரி

குழந்தையின் அளவுக்குக் கழிப்பறையை மாற்றும் முயற்சி திருச்சியில் நடந்தது. எஸ். தாமோதரன் 1987இல் நிறுவிய கிராமாலயா தொண்டு நிறுவனம், அந்நகரக் குடிசைப் பகுதிகளில் சமுதாயக் கழிப்பறைகளை மகளிர் குழுக்களின் பொறுப்பில் நடத்தியது. சிறுவருக்கென ஆழமற்ற குழிவும் குறுகிய கால் இடைவெளியும் கொண்ட, வெளிச்சமான கழிப்பறைகளையும் அது அமைத்தது. கல்மந்தை என்னும் பகுதி 2002இல் திறந்தவெளி மலங்கழிப்பு இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்த முன்மாதிரியின் அடிப்படை வீடுகளுக்கும் பொருந்தும். சிறிய பிளாஸ்டிக் இருக்கையை முதலில் வாசலிலும், பிறகு கழிப்பறைக் கதவருகிலும், இறுதியாக உள்ளேயும் வைக்கலாம். உணவுக்குப் பின் சில நிமிடங்கள் மட்டும் உட்கார வைத்து, இருக்கையில் சேர்ந்ததைக் குழந்தையின் கண்முன்னே கோப்பையில் ஊற்றிக் கழுவலாம். பாட்டி அறிந்திருந்த வேளையும் ஒலியும் இம்முறையில் தொடர்கின்றன. மலம் குப்பைமேட்டுக்குப் போகாமல் கழிப்பறையைச் சேர்கிறது.