ஐக்கிய அமெரிக்க வானொலியில் உடைமைக் குவிப்பு

ஐக்கிய அமெரிக்க வானொலியில் உடைமைக் குவிப்பு என்பது அந்நாட்டின் வணிக வானொலி நிலையங்கள் பெரும் எண்ணிக்கையில் ஒரு சில பெருநிறுவனங்களின் கையில் சென்று சேர்ந்ததைக் குறிக்கும். 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திற்குப் பின்னர் இது மிக விரைவாக நிகழ்ந்தது. அந்நாட்டுச் சட்டப்படி வானலைகள் எவருக்கும் சொந்தமானவை அல்ல. ஒலிபரப்பாளருக்குக் கிடைப்பது குறிப்பிட்ட கால உரிமம் மட்டுமே. அவ்வுரிமம் பொதுமக்களின் நலனுக்காகவே வழங்கப்படுகிறது. நிலையங்களை வாங்கி விற்பதைத் தடையின்றி அனுமதித்தால் இந்தப் பொதுநலன் என்னவாகும் என்பதே இத்தலைப்பில் எழும் எல்லா விவாதங்களுக்கும் அடிப்படை.

பின்னணி

1927 ஆம் ஆண்டின் வானொலிச் சட்டமும் 1934 ஆம் ஆண்டின் தொடர்புகள் சட்டமும் அலைவரிசை ஒதுக்கீட்டை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தன. பின்னதன் கீழ் அமைக்கப்பட்டதே கூட்டாட்சித் தொடர்புகள் ஆணையம். ஒரே நிறுவனம் பல வலையமைப்புகளை வைத்திருப்பதை ஆணையம் தொடக்கத்திலேயே எதிர்த்தது. என்.பி.சி. நிறுவனம் தன் இரண்டு வலையமைப்புகளுள் ஒன்றை 1943 இல் விற்க நேர்ந்தது. விற்கப்பட்ட அந்த வலையமைப்பே பின்னாளில் ஏ.பி.சி. ஆயிற்று.

1953 முதல் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 7 மத்திய அலை நிலையங்களும் 7 பண்பலை நிலையங்களும் மட்டுமே வைத்திருக்கலாம் என்ற வரம்பு இருந்தது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இவ்வரம்பு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1994 இல் வகைக்கு 20 என்றானது.

1996 ஆம் ஆண்டுச் சட்டம்

அதிபர் பில் கிளின்டன் 1996 பெப்ரவரி 8 அன்று கையொப்பமிட்ட சட்டம், வானொலிக்கான நாடளாவிய வரம்பை முற்றாக நீக்கியது. உள்ளூர் வரம்பு மட்டும் எஞ்சியது. 45 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ள சந்தையில் ஒரு நிறுவனம் 8 நிலையங்கள் வரை வைத்திருக்கலாம். சிறிய சந்தைகளில் இவ்வெண் குறையும்.

இதன் பயனை முழுமையாகப் பெற்ற நிறுவனம் கிளியர் சேனல் ஆகும். 1972 இல் டெக்சாசு மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ஒரே ஒரு நிலையத்துடன் தொடங்கிய இந்நிறுவனத்திடம் சட்டம் வருமுன் ஏறத்தாழ 40 நிலையங்கள் இருந்தன. 2002 அளவில் அவ்வெண்ணிக்கை 1,200 ஐத் தாண்டியது. 2000 இல் ஏ.எம்.எஃப்.எம். என்னும் பெரிய நிறுவனத்தையே அது விலைக்கு வாங்கியிருந்தது.

குரல் தடப் பதிவு

உடைமைக் குவிப்பு இலாபகரமாக அமைந்ததற்குக் கணினித் தொழில்நுட்பமும் ஒரு காரணம். முன்பு ஒவ்வொரு நிலையத்திலும் அறிவிப்பாளர் ஒருவர் நேரடியாக அமர்ந்திருப்பார். தன்னியக்க மென்பொருள் வந்தபின், பாடல்கள், விளம்பரங்கள், அறிவிப்புகள் ஆகிய யாவும் வன்தட்டில் கோப்புகளாகச் சேமிக்கப்பட்டு, ஓர் அட்டவணைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபரப்பப்பட்டன. அறிவிப்பாளர் பாடல்களுக்கு இடையே வரும் பேச்சை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்வார். இதுவே குரல் தடப் பதிவு எனப்படும். நான்கு மணிநேர நிகழ்ச்சிக்கான பேச்சை ஒரு மணிநேரத்திற்கும் குறைவாகப் பதிந்துவிடலாம். அக்கோப்புகளை வலையமைப்பின் வழியே வேறொரு மாநிலத்தின் நிலையத்திற்கும் அனுப்பலாம். ஊர்ப்பெயர், தெருப்பெயர், உள்ளூர் விழா ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பேசினால், தான் கேட்பது தொலைவிலுள்ள ஒருவரின் குரல் என்பதை நேயர் உணர மாட்டார்.

பொறியியல் நோக்கில் இது திறமையான ஏற்பாடே. எனினும் இந்த ஏற்பாட்டில் முன்கூட்டியே எதிர்பார்க்கப்படாத நிகழ்வு ஒன்றிற்கு அட்டவணையில் இடமில்லை.

மைனாட் விபத்து

2002 சனவரி 18 அன்று, நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 1:40 மணிக்கு, வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகரருகே கனடியன் பசிபிக் நிறுவனத்தின் சரக்குத் தொடருந்து தடம்புரண்டது. ஐந்து கொள்கலன் பெட்டிகள் உடைந்து, நீரற்ற அமோனியா ஏறத்தாழ 5,50,000 லிட்டர் உடனடியாக வெளியேறியது. நச்சு முகில் குடியிருப்புகளின் மீது பரவியது. ஒருவர் உயிரிழந்தார், 300 இற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

அந்நகரின் வணிக வானொலி நிலையங்களுள் ஆறு கிளியர் சேனலுக்கு உரியவை. அவற்றுள் ஒன்றே அவசர அறிவிப்புகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. காவல்துறையினர் அந்நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தும் எவரும் எடுக்கவில்லை என்று தெரிவித்தனர். நிலையத்தில் பணியாளர் இருந்தார் என்றும், அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறையினரே முறையாக இயக்கவில்லை என்றும் நிறுவனம் கூறியது. எச்சரிக்கைக் கருவி இயங்கவில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே முழுப் பழியையும் உடைமைக் குவிப்பின் மீது சுமத்துவது பொருந்தாது. ஆயினும் ஆறு நிலையங்களுக்கு ஆறு வெவ்வேறு உடைமையாளர்கள் இருந்திருந்தால், அவர்களுள் ஒருவரையேனும் எழுப்பியிருக்க முடியும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அம்மாநிலத்தின் செனட்டர் பைரன் டோர்கன் இந்நிகழ்வை மேலவையில் பலமுறை எடுத்துக்காட்டினார்.

இசைத் தேர்வு

பாடல்களை ஒலிபரப்பப் பணம் பெறும் வழக்கம் 1960 இல் சட்டத்திருத்தம் மூலம் தடைசெய்யப்பட்டது. ஆனால் அது முற்றாக ஒழியவில்லை. கிளியர் சேனல், சி.பி.எஸ். உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் இத்தகைய குற்றச்சாட்டுகளுக்காக 2007 இல் மொத்தம் 1.25 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின், தவிர்க்கத்தக்க பாடல்களின் பட்டியல் ஒன்று கிளியர் சேனல் நிலையங்களுக்கிடையே சுற்றுக்கு வந்தது. சான் லெனனின் "இமாசின்" பாடலும் அதில் இருந்தது. இது தடையன்று என நிறுவனம் விளக்கியது.

சிற்றாற்றல் பண்பலை

எதிர்ப்பு முதலில் உரிமமற்ற நிலையங்களாக வெளிப்பட்டது. இலினொய் மாநிலத்தின் இசுப்பிரிங்ஃபீல்டில் எம்பானா கண்டாக்கோ 1987 இல் ஒரு வாட் அளவிலான பரப்பியைக் கொண்டு குடியிருப்புப் பகுதி ஒன்றிலிருந்து ஒலிபரப்பினார். 1993 இல் இசுடீபன் டனிஃபர் பெர்க்லியில் தொடங்கிய நிலையத்தை 1998 இல் நீதிமன்றம் நிறுத்தியது.

2000 சனவரியில் ஆணையம் 100 வாட் வரையிலான, வணிக நோக்கற்ற நிலையங்களுக்கு உரிமம் வழங்க முடிவெடுத்தது. இவற்றின் வீச்சு ஏறத்தாழ 5.6 கிலோமீட்டர். குறுக்கீடு ஏற்படும் என ஒலிபரப்பாளர் சங்கம் எதிர்த்தது. பொது வானொலியான என்.பி.ஆர். அமைப்பும் அதனுடன் சேர்ந்துகொண்டது வியப்புக்குரியது. அவ்வாண்டின் இறுதியில் பேராயம் இயற்றிய சட்டம், பெரிய நிலையத்தின் அலைவரிசையிலிருந்து 600 கிலோஏர்ட்சு இடைவெளியில் சிறு நிலையம் அமைவதைத் தடுத்தது. பெருநகரங்களில் இதனால் இடமே கிடைக்கவில்லை. மைட்டர் நிறுவனம் 2003 இல் அளித்த ஆய்வறிக்கை, குறிப்பிடத்தக்க குறுக்கீடு இராது என்று காட்டிய பின்னரும் தடை தொடர்ந்தது. 2011 சனவரி 4 அன்று அதிபர் பராக் ஒபாமா கையொப்பமிட்ட சட்டமே அதனை நீக்கியது.

இடைப்பட்ட காலத்தில் அனுமதி பெற்ற சில நிலையங்களின் பணி குறிப்பிடத்தக்கது. 2005 இல் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, மிசிசிப்பியின் பே செயின்ட் லூயிசு நகரின் டபிள்யூ.கியூ.ஆர்.இசட். என்ற சிறு நிலையம் மக்களுக்கு அவசரத் தகவல்களை வழங்கியது. மைனாட் நிகழ்வுடன் இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

கலை, வடிவமைப்பு

செருமானிய நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932 இலேயே, வானொலி கேட்பதற்கு மட்டுமன்றிப் பேசுவதற்கும் உரிய கருவியாக மாறவேண்டும் என வலியுறுத்தினார். சப்பானில் 1980களில் தெட்சுவோ கோகாவா, உரிமம் தேவைப்படாத அளவு நலிந்த பரப்பிகளைக் கொண்டு மினி எஃப்.எம். இயக்கத்தை வளர்த்தார். ஒரு நிலையத்தின் வீச்சு நடந்து செல்லும் தொலைவே. பின்னர் அவர் பல நாடுகளில் பயிலரங்குகள் நடத்தி, எளிய பரப்பியை அமைக்கக் கற்பித்தார்.

வடிவமைப்பு மாணவர்களுக்கு வானொலிப் பெட்டியே நல்ல ஆய்வுப்பொருள். அந்நாட்டின் பண்பலைப் பட்டை 88.1 முதல் 107.9 மெகாஏர்ட்சு வரை 100 தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெட்டியின் முகப்பு இத்தடங்களைச் சம இடைவெளியுள்ள எண்களாகவே காட்டுகிறது. எது எவருடையது என்பதைக் காட்டுவதில்லை. உடைமையாளருக்கு ஒரு நிறம் என முகப்பிற்கு வண்ணம் தீட்டினால், நேயர் முள்ளைத் திருப்பும்போது உண்மையில் எத்தனை பேரிடையே தேர்வு செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

பின்னைய நிலை

கிளியர் சேனலை 2008 இல் இரு முதலீட்டு நிறுவனங்கள் பெருமளவு கடன் வாங்கிக் கையகப்படுத்தின. 2014 இல் அது ஐஹார்ட்மீடியா எனப் பெயர் மாறியது. 2,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனுடன் 2018 மார்ச்சில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி, 2019 மே மாதத்தில் அதிலிருந்து மீண்டது. அப்போதும் ஏறத்தாழ 850 நிலையங்கள் அதனிடம் இருந்தன. மற்றொரு பெருநிறுவனமான குமுலசும் 2017 இல் இதே நிலையை அடைந்தது.

ஆணையத்தின் உடைமை விதித் தளர்வுகளை எதிர்த்து, பிலடெல்பியாவின் புரோமிதியசு வானொலித் திட்டம் என்ற அமைப்பு 2003 முதல் வழக்காடியது. செய்தித்தாளையும் ஒலிபரப்பு நிலையத்தையும் ஒரே நிறுவனம் வைத்திருப்பதற்கான தடையை ஆணையம் 2017 இல் நீக்கியது செல்லும் என உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 1 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உள்ளூர்ச் சந்தைக்கான 8 நிலைய உச்சவரம்பு இவ்வழக்கின் பொருளாக இருக்கவில்லை.