முடிவு யாருக்கு உரியது?

நாடகத்தின் முடிவு எழுதியவருக்கு உரியதா, காண்போருக்கு உரியதா? 'மை ஃபேர் லேடி' என்னும் புகழ்பெற்ற ஆங்கில இசை நாடகத்தின் வரலாறு இவ்வினாவோடு பின்னிப் பிணைந்ததாகும்.

அதன் மூலம் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா இயற்றிய 'பிக்மேலியன்'. 1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் அரங்கேறிய அந்நாடகம், மறு ஆண்டு லண்டனுக்கு வந்தது. தெருவில் பூ விற்கும் எலைசாவின் கொச்சைப் பேச்சைத் திருத்தி, அவளை உயர்குடி மங்கையாக உலவவிட முடியும் என்று பந்தயம் கட்டுகிறார் ஒலியியல் அறிஞர் ஹிக்கின்ஸ். பந்தயத்தில் வெற்றியும் பெறுகிறார். ஆயினும், சொல் திருந்திய பெண்ணுக்குத் தன்மானமும் விழித்துக்கொள்கிறது. தன்னைப் பொம்மையாகக் கருதிய ஆசானை விட்டு அவள் நீங்குகிறாள்.

காண்போர் உள்ளமோ இருவரையும் இணைத்துப் பார்க்கவே விழைந்தது. ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, இறுதிக் காட்சியில் எலைசாவை நோக்கி மலர் வீசிக் காதலுக்குக் குறிப்புக் காட்டினார். ஷா சினந்தார். 1916இல் நூலுக்குப் பின்னுரை எழுதி, எலைசா மணப்பது ஃப்ரெடி என்னும் இளைஞனையே என்று நிலைநாட்டினார். அவ்வாறிருந்தும், 1938இல் வந்த திரைப்படம் அவளை ஹிக்கின்ஸிடமே திரும்பி வரச் செய்தது.

தம் நாடகம் ஒன்று 1908இல் 'சாக்லேட் சோல்ஜர்' என்னும் இசை நாடகமாக உருமாறியதில் மனம் கசந்த ஷா, தம் படைப்புகளுக்கு இசையமைக்க அதன்பின் இசையவில்லை. 1950இல் அவர் மறைந்த பின்னரே வழி திறந்தது. ஆலன் ஜே லெர்னர் உரையாடலும் பாடல்களும் எழுத, ஃப்ரெடரிக் லோவ் இசையமைக்க, 1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் 'மை ஃபேர் லேடி' அரங்கேறியது. ரெக்ஸ் ஹாரிசனும் ஜூலி ஆண்ட்ரூஸும் முதன்மை வேடம் ஏற்றனர். 1962 வரை 2,717 முறை நடந்தது. நகைச்சுவையும் இன்னிசையும் அவையைக் கவர்ந்தன. முடிவிலோ, எலைசா திரும்பி வருகிறாள், ஹிக்கின்ஸ் நிமிர்ந்தும் பாராமல் தம் செருப்பு எங்கே என்று வினவுகிறார், திரை விழுகிறது.

2018இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் பார்ட்லெட் ஷெர் இதனை மீண்டும் மேடையேற்றினார். அதில் எலைசா திரும்பி வருகிறாள்; ஆனால் தங்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, அவையினரிடையே நடந்து வெளியேறுகிறாள்.

எழுதியவர் ஒரு முடிவை வகுத்தார். காண்போர் வேறொன்றை விரும்பினர். இருவருமே எலைசாவுக்காகத் தாமே முடிவெடுத்தனர். ஒருத்திக்கு மொழியைக் கற்பித்த பின், அம்மொழியில் அவள் சொல்லும் மறுப்பையும் கேட்டாக வேண்டும் அன்றோ? பாத்திரங்களைப் பேசவைக்கும் கவிஞர் எவரும் எண்ணிப் பார்க்கத் தக்க வினா இது.