கஸ்டர்டும் புதுச்சேரியும்

கஸ்டர்டு என்பது பால், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை ஆகியவற்றை மிதமான சூட்டில் கெட்டியாக்கிச் செய்யப்படும் இனிப்பு ஆகும். கேக், பழம், புட்டிங் போன்றவற்றின் மீது ஊற்றும் பதத்தில் இருப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கிரெம் ஆங்கிலேஸ்' என்கின்றனர். 'ஆங்கிலேயக் கிரீம்' என்பது இதன் பொருள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் இந்த இனிப்பின் வரலாற்றுக்கும் கடல் கடந்த ஒரு தொடர்பு உண்டு.

பெயர்

'கஸ்டர்டு' என்ற சொல் மேலோட்டைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் மாவு ஓட்டுக்குள் பாலும் முட்டையும் ஊற்றிச் சுடப்பட்ட பண்டமே இப்பெயரைப் பெற்றிருந்தது. பின்னாளில் அதன் உள்ளீடு மட்டுமே கஸ்டர்டு எனப்பட்டது.

வனிலாவும் சர்க்கரையும்

கிரெம் ஆங்கிலேசுக்கு மணம் தருவது வனிலா. மெக்சிகோவைச் சேர்ந்த இக்கொடி, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பூத்தாலும் காய்க்கவில்லை. மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் அங்கு இல்லை. 1841-இல் எட்மண்ட் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவைத் திறந்து கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையைக் கண்டறிந்தான். இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் கையால்தான் இது செய்யப்படுகிறது. வனிலா வணிகம் பெருகியபோதும், அல்பியுஸ் 1880-இல் வறுமையில் இறந்தார்.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். பிரான்சின் இனிப்புகளில் கலந்த சர்க்கரையில் இவர்களின் உழைப்பும் இருந்தது.

முட்டையில்லாக் கஸ்டர்டு

1837-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருந்தாளுநர் ஆல்பிரெட் பேர்ட், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காகச் சோள மாவைக் கொண்டு கஸ்டர்டு தூளை உருவாக்கினார். இவ்வாறு, பிரெஞ்சுக்காரர் 'ஆங்கிலேய' என்று அழைத்த பண்டம் இங்கிலாந்திலேயே முட்டையின்றிப் பரவியது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வீடுகளில் பழத்துண்டுகள் சேர்த்துச் செய்யப்படும் கஸ்டர்டு பெரும்பாலும் இந்தத் தூள் வகையே. சைவ உணவு உண்போருக்கும் இது ஏற்றது.

செய்முறை வேறுபாடு

முட்டைக் கஸ்டர்டுக்கு அரை லிட்டர் பால், 5 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, ஒரு வனிலாக் காய் போதும். மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் நன்கு அடித்து, வனிலா போட்டுக் காய்ச்சிய சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு சிறு தீயில் வைத்து விடாமல் கிளற வேண்டும். ஏறத்தாழ 82 பாகை செல்சியசில் கலவை கெட்டியாகும். கரண்டியின் பின்புறம் படிந்த கலவையில் விரலால் கோடிட்டால் கோடு மூடாமல் நிற்பதே பதம். கொதித்தால் முட்டை திரிந்துவிடும்.

தூள் கஸ்டர்டு இதற்கு நேர்மாறானது. தூளைக் குளிர்ந்த பாலில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றி வேகவிட வேண்டும்; இல்லாவிடில் மாவு வாடை போகாது. முட்டையைக் கொதிக்கவிடாமலும் மாவை வேகாமல் இறக்காமலும் பார்த்துக்கொள்வதே இரு முறைகளிலும் தேவையான கவனம்.