எலும்புருக்கி நோயும் தாம்பரம் சானடோரியமும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் வளாகத்தில் வேலை செய்பவர்கள் தினமும் அங்கே ஏறி இறங்குகிறார்கள். ஆனால் சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. காசநோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், தங்கி சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்குத்தான் அந்தப் பெயர்.

இதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது அங்கும் சிகிச்சை பெற்றார். 1928-ல் சௌரிமுத்து தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்துணவு, ஓய்வு இவைதான் சிகிச்சை. அதற்கு நகரத்தை விட்டுத் தள்ளியிருந்த தாம்பரம் ஏற்ற இடமாக இருந்தது.

எலும்பை உருக்குமா?

காசநோய்க்குத் தமிழில் எலும்புருக்கி நோய் என்றும் பெயர். உடல் இளைத்து எலும்பும் தோலுமாக ஆவதால் வந்த பெயர் அது. ஆனால் சிலருக்கு அது நேரடியாகவே உண்மையாகிவிடுகிறது. நுரையீரலில் நுழையும் கிருமி இரத்தத்தின் வழியே எலும்புக்கும் போகும். இடுப்பு, முழங்கால் மூட்டுகளைத் தாக்கும். அதிகம் தாக்குவது முதுகெலும்பைத்தான். முள்ளெலும்புகள் அரிக்கப்பட்டு நொறுங்க, முதுகு கூன் விழும். தண்டுவடம் அழுத்தப்பட்டால் கால்கள் செயலிழக்கும்.

1779-ல் இந்நோயை விவரித்து எழுதியவர் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். அவர் பெயரால் இது பாட் நோய் எனப்படுகிறது. காரணமான கிருமியை ராபர்ட் காக் அறிவித்தது 1882-ல். நோயின் பெயரும் காரணமும் தெரிந்தும் பல காலம் சிகிச்சை மட்டும் இல்லை. முதுகெலும்பு அசையாதிருக்க மாவுக்கட்டுப் படுக்கையில் மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். சம்பாதிக்கும் ஒருவர் அப்படிப் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

சென்னை தந்த விடை

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனியசிட்டும் வந்தன. மருந்து வந்தாலும், எல்லா நோயாளிகளுக்கும் படுக்கை கொடுக்க நாட்டில் போதிய மருத்துவமனைகள் இல்லை. 1956-ல் சென்னையில் ஆரம்பிக்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை நடத்தியது. நுரையீரல் காசநோய் உள்ள ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட வைத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் அதிகம். ஆனாலும் குணமடைந்தவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை! 1959-ல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மாற்றியது.

அடுத்து முதுகெலும்பின் முறை. 1970களின் நடுவில் சென்னையில் தொடங்கிய ஆய்வில் சுமார் 300 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு அறுவை சிகிச்சையும் மருந்தும் அளிக்கப்பட்டன. மற்றவர்கள் நடமாடிக்கொண்டே 6 அல்லது 9 மாதம் மருந்து மட்டும் சாப்பிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இரு தரப்பிலும் பெரும்பாலோர் நலமாகவே இருந்தனர். தண்டுவடம் அழுத்தப்பட்டவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் இன்றும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

மறக்கக்கூடாதது

இன்று தாம்பரம் மருத்துவமனை நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. காசநோய் மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் எலும்புக் காசநோய் இருமலோடு வருவதில்லை. வாரக்கணக்கில் தீராத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் என்று மெதுவாக வருகிறது. சுமை தூக்கியதால் வந்த வலி, உட்கார்ந்து வேலை செய்வதால் வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்துகிறார்கள். கூன் விழுந்த பிறகு மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, வளைந்த எலும்பை நிமிர்த்தாது.

ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டிய காலம் போய்விட்டது. அந்தக் காலத்தின் நினைவாக ஒரு ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. தீராத முதுகுவலியை உரிய நேரத்தில் மருத்துவரிடம் காட்டினால், இந்நோய் மாத்திரையிலேயே முடிந்துவிடும்.