மூக்கு எச்சரிக்காத ராக்கெட் எரிபொருள்: சுவாச நச்சுத்தன்மை அளவிடப்படுவது எப்படி?

ஹைதராபாத்: பிஎஸ்எல்வி, எல்விஎம்3 ராக்கெட்டுகளின் விகாஸ் என்ஜின்கள் யுஎச்25 என்ற எரிபொருளையும், நைட்ரஜன் டெட்ராக்சைடையும் பயன்படுத்துகின்றன. யுஎச்25-இல் நான்கில் மூன்று பங்கு யுடிஎம்எச் எனும் திரவம். எஞ்சியது ஹைட்ரசின் ஹைட்ரேட். இந்த ஹைட்ரேட்டை உள்நாட்டில் தயாரிக்கும் முறையை, லாலாகுடாவை அடுத்த தார்நாகாவில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் (ஐஐசிடி) உருவாக்கியுள்ளது.

எரிபொருளும் ஆக்சிகரணியும் ஒன்றோடொன்று பட்டவுடன் தாமாகவே பற்றிக்கொள்ளும் என்பது இவற்றின் சிறப்பு. சிக்கல், இவற்றின் ஆவியில் உள்ளது. நைட்ரஜன் டெட்ராக்சைடு 21 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஹைதராபாத்தின் குளிர்கால நண்பகலே அதற்குப் போதும்.

ஆவியின் நச்சுத்தன்மையை அளக்க, ஓஇசிடி அமைப்பின் 403-ஆம் வழிகாட்டுதல் பின்பற்றப்படுகிறது. மூக்கு மட்டும் வெளிப்படும் குழாய்களில் வைக்கப்படும் எலிகள், குறிப்பிட்ட செறிவுள்ள காற்றைப் பொதுவாக 4 மணி நேரம் சுவாசிக்கும். பின்னர் 14 நாட்கள் கண்காணிக்கப்படும். பாதி எலிகள் இறக்கும் செறிவே எல்சி50. இந்த வழிகாட்டுதலுக்கு முன்பே, 1950-களில் நடந்த ஆய்வில் ஹைட்ரசினுக்கு 570 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), யுடிஎம்எச்-க்கு 252, பிஎஸ்எல்வியின் நான்காம் நிலையில் எரியும் மோனோமெத்தில் ஹைட்ரசினுக்கு வெறும் 74 என்று பதிவாகியுள்ளது.

ஆனால், பணியிடத்துக்கு அமெரிக்காவின் ஏசிஜிஐஎச் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு மூன்றுக்கும் ஒன்றே: 0.01 பிபிஎம். இவ்வளவு கடுமைக்குக் காரணம் உடனடி மரணம் அல்ல. ஹைட்ரசினைக் குறைந்த செறிவில் ஓராண்டு சுவாசித்த எலிகளின் நாசியில் கட்டிகள் தோன்றின. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் அதை 2ஏ பிரிவில் வைத்துள்ளது. அதன் அம்மோனியா போன்ற வாடையோ 3 முதல் 4 பிபிஎம் அளவில்தான் உணரப்படும். வாடை தெரியும்போது வரம்பு 300 மடங்குக்கு மேல் தாண்டியிருக்கும்.

நைட்ரஜன் டெட்ராக்சைடு வேறு வகையில் ஏமாற்றும். காற்றில் செம்பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும் அது, சுவாசித்துப் பல மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோக்கச் செய்யலாம். 1975 ஜூலை 24 அன்று அப்பல்லோ-சோயுஸ் பயணம் முடிந்து இறங்கிய அமெரிக்கக் கலத்துக்குள் இந்த வாயு புகுந்தது. விண்வெளி வீரர் வான்ஸ் பிராண்ட் சிறிது நேரம் நினைவிழந்தார். மூவரும் ஹோனலூலு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இதனால், பாதிக்கப்பட்டவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவக் கண்காணிப்பு அவசியம். எரிபொருள் நிரப்புவோருக்கு வடிகட்டி முகமூடி மட்டும் போதாது. தனிக் காற்று வசதியுள்ள முழு உடல் கவச உடை தேவைப்படுகிறது.